அந்தோணிசாமியின் காது

கடலூர் முதுநகரில் மைக் செட்டு வைத்திருந்தவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். காது வைத்திருந்தவன் தான் ஒருவன்தான் என்பது அந்தோணிசாமியின் எண்ணம். அதில் பெரிய தப்பொன்றும் இல்லை. 2004-இல் பாட்டுக் கச்சேரிக் குழுக்கள் அவனைத்தான் தேடி வந்தன. தபேலாவுக்குச் சத்தம் எத்தனை, புல்லாங்குழலுக்கு எத்தனை என்று மிக்ஸரில் அவன் கை தானாகத் திருகும். பாடுகிற பெண்ணுக்குத் தொண்டை கட்டியிருந்தால் கூட்டத்துக்கு அது தெரியவே தெரியாது. கச்சேரி முடிந்து பாடகர்கள் நேராக அவனிடம் வந்து, "நீ இருந்தா எங்களுக்குப் பயமே இல்ல அந்தோணி" என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்காக அவன் பட்டினி கிடக்கவும் தயார். அவன் மனைவி எழிலரசி தயாரில்லை, அது வேறு விஷயம்.

2008 வாக்கில் வந்து சேர்ந்தான் வினோத்குமார். சேத்தியாத்தோப்புக்காரன், என்ஜினியரிங் படித்துவிட்டு டிஜே ஆனவன். கையில் ஒரு லேப்டாப், ஒரு சின்ன மிக்ஸர், கழுத்தில் ஹெட்போன். பாடகர் கிடையாது, தபேலா கிடையாது, அரை மணி நேரத்துக்கு ஒரே அடி. அதற்குக் கல்லூரிப் பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு குதித்த குதியைப் பார்க்க வேண்டுமே! அந்தோணிசாமிக்கு வயிறு பற்றி எரிந்தது.

"ரெண்டே ஒயரு. அத என் மிக்ஸர்ல சொருவிட்டு அவன் பாட்டுக்குக் கைய ஆட்டுறான். இதுக்கு மாவு மில்லுல மைக் வச்சிட்டுப் போலாம்" என்று வீட்டில் பொருமினான்.

"புள்ளைங்க சந்தோசமா ஆடுதுங்க. உனக்கு என்னா எரியுது?" என்றாள் எழிலரசி.

"எனக்கு என்னா எரியுது? அவனுக்குக் காதே கெடையாதுடி. சத்தம் இருந்தாப் போதும்."

பொறாமைதான், ஒளிக்க என்ன இருக்கிறது? ஊர் ஊராக வினோத்தின் முகம் ஃப்ளெக்ஸில் சிரித்தது. அந்தோணிசாமியின் முகம் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. ஒருமுறை நான்கு மாணவிகள் வினோத்தோடு நின்றுகொண்டு, செல்போனை இவன் கையில் கொடுத்து, "அண்ணா, ஒரு போட்டோ எடுங்கண்ணா" என்றார்கள். எடுத்தான். வினோத்தின் தலையைப் பாதியில் வெட்டி எடுத்தான்.

2010 மார்ச்சில் சிதம்பரத்தை அடுத்து, கிள்ளை போகும் சாலையில் இருந்த ஒரு கல்லூரியின் ஆண்டு விழாவுக்கு அவன் செட்டைக் கூப்பிட்டார்கள். தன் பேர் சிதம்பரம் வரைக்கும் போய்விட்டது என்று நெஞ்சு விரிந்தது. ஒரு வருஷம் உட்கார்ந்து தன் கையாலேயே செய்த நான்கு பேஸ் ஸ்பீக்கர் பெட்டிகளை முதன்முதலாக வெளியே எடுத்தான். இது யார் செட்டு என்று நாலு பேர் கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. போய்ப் பார்த்தால் மேடையில் வினோத்குமார் ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

மாலை நான்கு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. அடேயப்பா, அந்தப் பெட்டிகள் பேசிய பேச்சு! மண் அதிர்ந்தது, ஆனால் ஒரு துளி கரகரப்பு இல்லை. அந்தோணிசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டம் கத்தியது: "வினோத்! வினோத்!"

பெட்டி என்னுடையது, பேர் அவனுக்கா? அந்தோணிசாமியின் விரல் மிக்ஸரில் மொத்தச் சத்தத்தையும் ஆளுகிற மாஸ்டரைக் கொஞ்சம் கீழே இழுத்தது. வினோத் நிமிர்ந்து பார்த்தான், தன் மிக்ஸரில் ஏற்றினான். இவன் இன்னும் இழுத்தான். அவன் இன்னும் ஏற்றினான், அவன் மிக்ஸரில் அளவு மீறிவிட்டதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. குதித்துக்கொண்டிருந்த கால்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்தோணிசாமிக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

விழாவுக்குப் பொறுப்பான பேராசிரியர் ராமாமிர்தம் வேகமாக வந்தார். "என்னாங்க, சத்தமே வரல? உங்க செட்டு இவ்வளவுதானா?"

'உங்க செட்டு' என்றதும் அவனுக்குச் சுருக்கென்றது. இருக்கிற ரோஷத்தையெல்லாம் திரட்டி, மாஸ்டரை ஒரே தள்ளாகப் பழைய இடத்துக்குத் தள்ளினான். அந்தப் பக்கம் வினோத் ஏற்றி வைத்தது ஏற்றினபடியே இருக்கிறது என்பது ஞாபகத்துக்கு வரவில்லை. படீரென்று ஓர் அலறல். இரண்டு பெட்டிகள் அப்படியே வாயை மூடிக்கொண்டன. ஸ்பீக்கருக்குள் இருந்த கம்பிச்சுருள் கருகும் வாசனை மேடைக்கு ஏறியது.

வினோத் மைக்கை எடுத்தான். "எல்லாரும் மன்னிக்கணும். நான்தான் லெவல ஜாஸ்தியா ஏத்திட்டேன். அண்ணன் செட்டுல ஒரு குறையும் இல்ல." அதற்கும் கைதட்டினார்கள்! மன்னிப்புக் கேட்டுக்கூடக் கைதட்டு வாங்குகிறானே என்று அந்தோணிசாமி பல்லைக் கடித்தான். மீதி நிகழ்ச்சியை இரண்டு பெட்டியிலேயே பதமாக ஓட்டி முடித்தான் வினோத்.

வேனில் சாமான் ஏற்றும்போது அந்தோணிசாமிக்குத் தாங்கவில்லை. "தம்பி, மாஸ்டரக் கொறச்சது நான்தான்."

"தெரியும்ணா. மொதல்ல கொஞ்சமாக் கொறச்சீங்க, அப்புறம் ஜாஸ்தியா. கேட்டுச்சு. ஆடுறவங்க நின்னுடுவாங்களேன்னு நான் ஏத்திருக்கக் கூடாது." வினோத் ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னான். "முதுநகர்ல உங்க கச்சேரி ஒண்ணு கேட்டிருக்கேண்ணா. அவ்வளவு தெளிவு. அதான் இந்தக் காலேஜ்ல உங்க செட்டு இருந்தாத்தான் வருவேன்னு சொன்னேன்."

அப்படியானால் சிதம்பரம் வரைக்கும் போனது தன் பேர் இல்லை. அந்தோணிசாமி கருகிய பெட்டியைத் தூக்கி வேனில் வைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் எழிலரசி கேட்டாள்: "பொட்டி நல்லா பேசுச்சா?"

"ரெண்டு எரிஞ்சி போச்சு."

"அந்த டிஜேவா எரிச்சான்?"

"இல்ல, நான்தான்." சட்டையைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்தான். "பாவிப்பய, அவனுக்குக் காதும் இருக்குதுடி" என்றான்.