பேச்சுத் துணைக்கு ஒரு ஜெர்மன்காரன்

டொக்… டொக்… டொக்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ தட்டினார்கள். மகிழினி சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

இது நடந்தது ராயபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், பட்டப்பகலில். நம்பாதவர்கள் அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் யாரையாவது போர்வை அறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடச் சொல்லிப் பார்க்கலாம். இன்றுவரை ஒருவரும் சம்மதித்ததில்லை.

மகிழினி அங்கே நர்ஸ். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் ஒற்றை அறை வீடு, அம்மா பூவம்மாவைத் தவிர வேறு துணை இல்லை. ஜெர்மனியில் ஒரு மருத்துவமனை வேலை அவளுக்காகக் காத்திருந்தது. குறுக்கே நின்றது ஜெர்மன் பேச்சுத் தேர்வு. எழுதுவதில் தேறிவிட்டாள். பேசுவதில் இரண்டு முறை கோட்டை விட்டாள். இந்த முறையும் போனால் ஏஜென்சி அந்த இடத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிடும்.

பேசிப் பழக ஆள் வேண்டும். அதற்கென்றே போனில் ஒரு செயலி இருந்தது. முன்பின் தெரியாதவர்களோடு பேசலாம். அவர்களிடம் அவர்கள் மொழியைப் பழகிக்கொண்டு, பதிலுக்கு நம் மொழியைச் சொல்லித்தர வேண்டும். வந்தவர்களில் பாதிப் பேர் போட்டோ கேட்டார்கள். மீதிப் பேர் மறுநாளே காணாமல் போனார்கள். வீட்டில் வாய் திறக்கவும் வழியில்லை. ஒரு பக்கம் டிவி, ஒரு பக்கம் குழாயடிச் சண்டை. அதனால் சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், போர்வைகள் அடுக்கிவைக்கும் அறைக்குப் போய்விடுவாள். சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, பெயர், ஊர், வேலை என்று ஜெர்மனில் தன்னைத்தானே அறிமுகம் செய்து பழகுவாள்.

தட்டல் கேட்டது அப்படி ஒரு மதியம்தான். சுவருக்கு அந்தப் பக்கம் மார்ச்சுவரி. அங்கே வேலை பார்க்கும் சுப்புராயன்தான் சத்தம் பொறுக்காமல் தட்டுகிறார் என்று நினைத்தாள்.

அடுத்த நொடி போன் அடித்தது.

மத்தியாஸ் என்று பெயர் வந்தது. படம் இல்லை. பெயருக்குக் கீழே, பேசுகிறவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று செயலி காட்டும். 0 கி.மீ. என்றிருந்தது.

"நீ பேசியது எல்லாமே தப்பு." எடுத்த எடுப்பில் ஜெர்மனில் ஓர் ஆண் குரல். வணக்கம்கூட இல்லை. "நோக் மால்."

இன்னொரு முறை சொல் என்று அர்த்தம். அவனிடம் அவள் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. செயலியில் பதிந்து வைத்திருந்த அறிமுகத்தைக் கேட்டிருப்பான் போல என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டாள்.

கப்பலில் எஞ்சினியர் என்றான். கப்பல் எங்கே என்றதற்கு, "இங்கேதான். காகிதங்கள் வரவில்லை. காத்திருக்கிறேன்" என்றான். துறைமுகம் கூப்பிடு தூரம். செயலி காட்டிய பூஜ்யம் சரிதான். அவன் குரலுக்குப் பின்னால் குர்ர்ர்… என்று ஓயாத ஓர் இரைச்சல். எஞ்சின் என்று நினைத்தாள்.

அன்றிலிருந்து தினமும் அழைத்தான். பிழை விட்டால் சீறினான். தடுமாறினால் கேலியாகச் சிரித்தான். "உன்னை எந்த நோயாளி நம்புவான்? நோக் மால்." போனை வைத்துவிடலாம் என்று எத்தனையோ முறை தோன்றியது. ஆனால் அவளுக்கு நாக்கு திருந்திக்கொண்டே வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பதிலுக்குத் தமிழ் கேட்டான். நான், நீ, வா, போ. ஒரே மதியத்தில் கற்றுக்கொண்டான். கிளம்பும்போது உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள் என்று கேட்டான்.

"போயிட்டு வரேன். வெறும் போறேன்னு சொல்ல மாட்டோம். திரும்பி வராதவங்கதான் அப்படிப் போவாங்க."

அவன் உடனே கேட்டான்.

"நீ வருவாயா?"

"வருவேன்" என்றாள். பிறகு தினமும் பேசி முடிக்கும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது.

தேர்வுக்குச் சில நாட்கள் இருக்கும்போது, பேசிக்கொண்டிருந்தபடியே மின்சாரம் போனது. சுவருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த குளிர்பெட்டியின் இரைச்சல் சட்டென்று நின்றது.

போனுக்குள்ளும் இரைச்சல் நின்றது.

அதே நொடியில்.

"வெக்கையாக இருக்கிறது" என்றான் மத்தியாஸ்.

வாசலில் ஜெனரேட்டர் உறுமியது. சுவருக்குப் பின்னால் குர்ர்ர்…

போனுக்குள்ளும் குர்ர்ர்…

மகிழினி வெளியே ஓடினாள். டீக்கடையிலிருந்து வந்துகொண்டிருந்த சுப்புராயன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாமே, பேயறைஞ்ச மாரி வர்ற?"

"உள்ள யாருண்ணா கீறாங்க?"

"ஒரே ஒருத்தன். ஜெர்மன்காரன். கப்பல்லயே நெஞ்சு வலிச்சு பூட்டான். காயிதம் வரல, ரொம்ப நாளா கெடக்கறான். உனுக்கு இன்னாத்துக்கு அது?"

"அன்னைக்கு மத்தியானம் சுவரத் தட்டுனியேண்ணா…"

"நானா? சோத்து நேரத்துல பூட்டிகினு டீக்கடைல குந்திகினு இருப்பேன். உன் சோலிய பாரு, போ."

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. மதியம் வீட்டில் போன் அடித்தது. மத்தியாஸ். 3 கி.மீ.

எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. 2 கி.மீ.

போனை அணைத்துத் தலையணைக்கு அடியில் செருகினாள்.

அணைத்த போன் அடித்தது. 1 கி.மீ.

"யாருடி அவன், இந்தப் போடு போடறான்?" பூவம்மா அரிசி களைந்த கையோடு வந்தாள்.

டொக்… டொக்… டொக்.

பக்கத்து வீட்டுச் சுவர். அந்த வீடு பொங்கலிலிருந்தே பூட்டிக் கிடக்கிறது.

மகிழினி அம்மாவைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். பூவம்மா கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சாவு வூட்லேர்ந்து கெளம்பறப்போ இன்னா சொல்லுவ?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். பேசாம வந்துருவேன்."

"அப்பறம் பொணத்துக்கு பக்கத்துல குந்திகினு தெனமும் வரேன் வரேன்னா, அவன் காத்துகினு இருக்க மாட்டானா? நாளைக்கு அங்கயே போ. போய் குந்து. ஒரு வார்த்தை பேசாத. திரும்பிப் பாக்காம எழுந்து வா."

மறுநாள் மதியம். போர்வை அறை.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முதுகு சில்லென்றது.

போன் அடிக்கவில்லை. தானாகவே பேசியது.

"நேற்று நீ வரவில்லை."

அவள் பேசவில்லை.

"வருவேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. பொய்க்காரி."

உதட்டைக் கடித்துக்கொண்டாள். எழுந்தாள்.

டொக்.

கதவை நோக்கி ஓர் அடி.

டொக். டொக். டொக். டொக்…

"வா." இப்போது தமிழ். குரல் போனிலிருந்து வரவில்லை. சுவரிலிருந்து வந்தது. "நீ… வா."

கதவைத் திறந்தாள். வெயில்.

"வா…"

திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றே செயலியை அழித்தாள். அதன்பின் போன் அடிக்கவில்லை. சுவரும் தட்டவில்லை. தேர்வில் நாக்கு ஓர் இடத்தில்கூடப் பிசகவில்லை. விசா வந்தது, டிக்கெட் வந்தது. கடைசி நாளில் ஆஸ்பத்திரி முழுக்க மைசூர்பாகு கொடுத்துக்கொண்டே வந்தவள், சுப்புராயனிடம் டப்பாவை நீட்டினாள்.

அவர் கை நீட்டவில்லை.

"எந்த ஊருக்கு நீ போற?"

"ஜெர்மனிண்ணா. உனக்குத் தெரியாதா?"

சுப்புராயன் மார்ச்சுவரிக் கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். நீ ஒரு நாள் வேலைக்கு வரல பாரு, அதுக்கு மறுநா சாய்ங்காலமே காயிதம் வந்துடுச்சு. அவன அவன் ஊருக்கே ஏத்தி அனுப்புனோம்."

"சரிண்ணா… அதுக்கு இன்னா இப்போ?"

"பொட்டிய மூடறப்போ உள்ளேர்ந்து ஒரு கொரலு வந்துச்சுமே, சுத்தமான தமிழ்ல… 'நான் போறேன், நீ வா'ன்னு."