மரதன் திரும்புகிற கடை

லதீபாவுக்கு நாலு பேரிடம் நாலு கேள்வி கேட்காவிட்டால் சாப்பிட்ட சோறு செரிக்காது. கலவானையில் பிறந்து, கல்யாணம் கட்டி கஹவத்தைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றின் சந்திக்கு வந்தவள். சந்தியில் அவளுக்கு ஒரு தேத்தண்ணிக் கடை. பிளேன்டி குடிக்க வருகிறவர் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் அவருடைய ஊர், தொழில், மாமியார் குணம் எல்லாம் லதீபாவுக்குத் தெரிந்துவிடும். வம்பு வளர்ப்பதற்காகக் கேட்கிறவள் இல்லை, கேட்டதை இன்னொருவர் காதில் போடவும் மாட்டாள். தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவளுடைய கடைவாசலுக்கு, நின்று பதில் சொல்ல நேரமில்லாத மனிதர்கள் வருடத்தில் ஒருநாள் கூட்டமாக வருவார்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் மெய்வல்லுநர் விளையாட்டுப் போட்டி ஒவ்வொரு வருடமும் மரதன் ஓட்டத்தோடுதான் தொடங்கும். மைதானத்தில் புறப்பட்டு, மலையைச் சுற்றிவரும் தார்ப் பாதையில் ஓடி, லதீபாவின் கடையில் திரும்பி, வந்த வழியே போக வேண்டும். முதலாவது வருகிறவருக்குக் கிண்ணம் உண்டு. ஆனால் கலை, விஞ்ஞானம் என்று பீடங்கள் அடித்துக்கொள்வது அதற்காக இல்லை. நேரத்துக்குள் ஓடி முடிக்கிற ஒவ்வொருவரும் தன் பீடத்துக்கு ஒரு புள்ளி கொண்டுவருகிறார். முதல் ஆளுக்கும் ஒன்றுதான், கடைசி ஆளுக்கும் ஒன்றுதான். அதனால் விரிவுரைக்குக்கூட அசைந்து அசைந்து போகிறவர்கள் எல்லாம் அன்றைக்குச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.

திரும்பும் இடத்தில் ஆளுக்கொரு சிவப்பு எலாஸ்டிக் பட்டியை மணிக்கட்டில் மாட்டிவிட வேண்டும். பட்டி இல்லாமல் வந்தால் ஓட்டம் செல்லாது. இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் ஒரு கெட்டிக்காரன். மலைக்குக் குறுக்கே இறப்பர் மரங்களுக்கு நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை இருக்கிறது. அவன் பாதி வழியில் அதற்குள் நுழைந்து, முதலாவதாக வந்து சிரித்துக்கொண்டே நின்றான். சட்டையெல்லாம் இறப்பர் பால். அதற்குப் பிறகுதான் பட்டி வந்தது.

மாட்டுகிற வேலையை விளையாட்டுப் பிரிவுப் பொறுப்பாளரான சேர் லதீபாவிடமே கொடுத்துவிட்டார். மாட்டுகிற அந்த ஒரு நொடியில் அவள் ஒரு கேள்வி கேட்டுவிடுவாள். "எந்த ஊர் மகன்?" "மன்னார்." "காலைல என்ன தின்ட?" "பிஸ்கட்." சிங்களப் பிள்ளைகளிடம் சிங்களத்தில் கேட்பாள். அரைகுறைப் பதில்தான் கிடைக்கும். மீதியை இரவுச் சோற்றோடு அவளே யோசித்துக்கொள்வாள்.

இந்த வருடம் அந்த ஆசைதான் வினையாகிப் போனது.

ஓர் உயரமான பையன் வெறுங்காலோடு ஓடிவந்தான். சப்பாத்து இரண்டும் கழுத்தில் தொங்கின. லதீபாவுக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. பட்டியை மாட்டிக்கொண்டே ஏன் என்று கேட்டாள். அவன் "பொறகு சொல்றேன்" என்று ஓடிவிட்டான். கழுத்தைத் திருப்பி, "பொறகு எப்ப?" என்று அவள் கத்திக்கொண்டிருந்தபோதே இன்னொரு கை நீண்டது. முகத்தைப் பார்க்காமல் மாட்டிவிட்டாள். அந்தக் கை ஜெகனுடையது. இறப்பர் பால்வெட்டு முடிந்து கஹவத்தை பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்த தோட்டத்து ஆள். பஸ்ஸை நிறுத்தத்தான் கையை நீட்டியிருந்தார். பஸ் புறப்பட்ட பிறகு ஜன்னலுக்கு வெளியே சிவப்புப் பட்டியோடு அந்தக் கை ஆடியது. இது எதற்கு என்று அவர் சைகையில் கேட்டுக்கொண்டே போனார்.

பட்டிகள் ஓடுகிறவர்களின் எண்ணிக்கைக்குச் சரியாகத்தான் வந்திருந்தன, இப்போது ஒன்று குறைந்தது. கடைசி ஆள் ஹில்டா. இதே தோட்டத்து மேல் டிவிஷன் லயத்து வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன பெண். அம்மா பால் வெட்டுகிறவர். லதீபா அவளைச் சின்னதிலிருந்தே அறிவாள். பட்டி மாட்டிய பிறகு களைத்து உட்கார்ந்தவர்களை ஏற்றுகிற வேன் அவர்களை அள்ளிக்கொண்டு திரும்பிப் போன பிறகு, தனியாக, மூச்சு இரைக்க வந்து கையை நீட்டினாள்.

"பட்டி முடிஞ்சி போச்சி மகள்," என்றாள் லதீபா.

"பட்டி இல்லாட்டி எண்ண மாட்டாங்கக்கா."

"என்ட பிழைதான். நான் பேசிக்கொள்றன். நீங்க நிக்காம ஓடுங்க."

ஹில்டா வெறுங்கையைப் பார்த்தாள். திரும்பி ஓடினாள்.

லதீபா சேருக்குப் போன் எடுத்தாள். மைதானத்து ஒலிபெருக்கிச் சத்தத்தில் அவருக்கு எங்கே கேட்கப்போகிறது. சந்தியில் ஒரு த்ரீவீலும் இல்லை. ஒரு பிள்ளை இவ்வளவு தூரம் ஓடியது தன் வாயால் வீணாகப் போவதா என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தவர்களிடமே கடையை விட்டுவிட்டு, யாரும் போகக்கூடாது என்று பட்டி மாட்டிக் காவல் காத்த அதே குறுக்குப் பாதையில் இறங்கினாள்.

ஓடினாள் என்று சொன்னால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். கொஞ்சம் எட்டி நடந்தாளாம். செருப்பு ஒன்று அறுந்தது. காலில் அட்டை ஏறியது. மரத்தில் கட்டியிருந்த பால் நிறைந்த சிரட்டை ஒன்றில் மோதி அபாயா நனைந்தது. மைதானத்தை அவள் பார்ப்பது அதுவே முதல் தடவை. அந்த அவசரத்திலும் வெள்ளைக் கோடுகளையும் கூடாரங்களையும் பெரிய புள்ளிப் பலகையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சேரிடம் போனாள்.

சேர் அவளுடைய அபாயாவைப் பார்த்தார். "அக்காவும் குறுக்கு வழியா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

அவளும் சிங்களத்திலேயே நடந்ததைச் சொன்னாள். வெறுங்கால் பையனையும் மறைக்கவில்லை. பக்கத்திலிருந்த நடுவர் தலையை ஆட்டினார். "பட்டி இல்லாட்டி, திரும்புற இடத்து அதிகாரி வாயால சொல்லணும். அவர் சொன்னா அதுக்கு மேல கேள்வி இல்ல."

"அந்த அதிகாரி எங்க இருக்கிறார்?" என்றாள் லதீபா. "நான் போய்க் கையக் கால புடிச்சிக் கூட்டிட்டு வாரேன்."

"நீங்கதான் அக்கா," என்றார் சேர்.

லதீபாவுக்கு இது புதிது. இத்தனை வருடமும் நிழலுக்கும் தண்ணீருக்கும்தான் தன் கடையைத் தேர்ந்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தாள். தொண்டையைச் செருமி, அபாயாவை இழுத்துச் சரிசெய்துகொண்டு, "ஹில்டா திரும்பினா. நான் பார்த்தேன்," என்றாள். நடுவர் சரி என்றார்.

கூட்டம் கலைந்து அடுத்த போட்டிக்குப் போன பிறகுதான் ஹில்டா வந்தாள். இடது கையால் வலது மணிக்கட்டைப் பொத்திக்கொண்டே கோட்டைத் தாண்டினாள். பலகையில் அவள் பீடத்துக்கு ஒரு புள்ளி கூடியது. அதை அவள் பார்க்கவில்லை, புல்லில் குப்புற விழுந்து கிடந்தாள். லதீபா தண்ணீரோடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எண்ணிட்டாங்க மகள்."

ஹில்டா தலையைத் தூக்கினாள். "நெசமாவா? எண்ண மாட்டாங்கன்னு நெனச்சுத்தான்க்கா ஓடியாந்தேன்."

"செல்லாது எண்டு நெனச்சிட்டா இவ்வளவு தூரம் ஓடின? ஏன் மகள்?"

ஹில்டா தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

"போன வருஷம் பாதியில நின்னு வேன்ல வந்து எறங்கினேன்க்கா. நான் முடிப்பேன்னு யாரும் நெனக்கவே இல்ல போல, ஏன் நின்னேன்னுகூட யாருமே கேக்கல."