மூணு வேம்புக்குப் பெயர் வந்த விதம்

நேற்று மெத்தைக்குப் பஞ்சு அடைக்க வந்தவர் வாசலில் மூட்டையைப் பிரித்தார். அந்த வாசனை ஒன்று போதும்; ராஜபாளையத்தில் மில் வேலைக்குச் சேர்ந்த இருபது வயதுக்கு ஓடிவிட்டேன். யுத்த காலம் அது.

மில்லுக்குப் பின்னால் பனங்காடாகக் கிடந்த மேட்டில்தான் குடியிருந்தோம். நான் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்காரன். பக்கத்தில் தளவாய்புரத்தார், தெலுங்கு பேசுகிறவர்கள், வேதக்காரர்கள் எல்லாரும் உண்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ஊர் முளைத்துவிட்டது, பெயர்தான் கிடையாது. அதற்காக ஞாயிறுதோறும் கூடினோம். நாங்கள் சாமி பெயர் கேட்டோம். தச்சர் சவரிமுத்துவும் மற்ற வேதக்காரர்களும் மாதா கோவில் புனிதர் பெயர் கேட்டார்கள். அதிகம் கத்தியவன் நான்தான். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

மில்லில் நூல் சுற்றும் ரெபேக்காள் அக்காவின் புருஷன் பட்டாளத்தில் லாரி ஓட்டப் பர்மாப் பக்கம் போயிருந்தார். அக்கா மேட்டுக்குக் குடிவந்ததிலிருந்து ஆறு மாதமாகக் கடிதம் இல்லை. அக்கா பாதியாகிவிட்டாள். லீவில் வந்த அவருடைய பட்டாளத்துக் கூட்டாளி ஒருவர்தான் விஷயத்தைச் சொன்னார்: அவர் எழுதிக்கொண்டுதான் இருந்தார், விலாசம் புரியவில்லை என்று கடிதங்கள் திரும்பிவிட்டன. அதுவும் பழைய சேதி. பிறகு அந்தப் பக்கம் குண்டு விழுந்ததாகக் கேள்வி.

மறுநாளே அக்கா தபாலாபீசுக்குப் போய், எங்கள் மேட்டுக்கு மூணு வேம்பு என்று பெயர் எழுதிவைத்துவிட்டு வந்தாள். முகப்பில் மூன்று வேப்பமரங்கள் நின்றன. யார் வைத்த பெயர் என்று கேட்டதற்கு, எல்லாரும் கூடி வைத்தது என்று கூசாமல் சொல்லியிருக்கிறாள்.

"யாரக் கேட்டுக்கா பேரு வச்சீக?" என்று போய் நின்றேன்.

"நீங்க சண்டய முடிக்கிற வரைக்கும் அவிய கடுதாசி எங்க போயி நிக்கும் தம்பி? வேண்டாம்னா பொறவு மாத்திக்கிடுங்க."

மாற்றச் சொல்லி நான் தபாலாபீசுக்குப் போகவில்லை. சவரிமுத்துவும்தான்.

அக்கா புருஷனுக்குப் புது விலாசத்தை எழுதிப் போட்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். தபால்காரர் வேப்பமரத்தடியில் நின்று அக்காவின் பெயரைக் கூப்பிட்டார். மேடே வந்து நின்றது. நின்றபடியே படித்தாள். மடித்து மாரோடு அணைத்துக்கொண்டு, "இருக்காக" என்றாள். சவரிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெயருக்காக அதற்கப்புறம் நாங்கள் கூடவில்லை.

யுத்தம் முடிந்து அக்காவின் புருஷன் திரும்பியதும் இருவரும் மதுரைக்குக் குடிபோனார்கள். மேடு ஊரோடு ஊராகி, தெருவுக்குத் தெரு நம்பர் போட்டாயிற்று. சவரிமுத்து மட்டும் கிழவரான பிறகும் என்னை விடவில்லை. "புனிதர் பேரு வச்சிருந்தா எம்புட்டு நல்லாருந்திருக்கும்லே" என்பார். நானும் விடாமல் சாமி பெயரைச் சொல்வேன். போன ஐப்பசியில் அவரும் போய்ச் சேர்ந்தார். அந்தச் சண்டையை என்னோடு போட இனி ஆளில்லை.