காபி ஆகாரத்தில் சேராது

இடுப்பு வலிக்கு ஆபரேஷன் செய்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கம் ஓர் ஆயுர்வேத வைத்தியசாலையில் வஸ்திக்கு ஒப்புக்கொண்டேன். வஸ்தி என்றால் கேட்க நாகரிகமாக இருக்கிறது; நம் வீட்டுப் பேச்சில் எனிமா. கஷாயம், தேன், இந்துப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் கடைந்து ஆசனவாய் வழியாக ஏற்றுவார்கள்.

ராத்திரி கஞ்சி மட்டும், காலையில் வெறும் வயிறு என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படியே செய்தேன். ஆறு மணிக்கு ஒரு டம்ளர் காபி குடித்ததோடு சரி. எங்கள் வீட்டில் ஏகாதசிப் பட்டினிக்கே காபி உண்டு. காபியை ஆகாரம் என்று எவன் சொன்னான்? "எதுவும் சாப்பிடலையே?" என்று அங்கே கேட்டபோது, மனசாட்சி கொஞ்சமும் உறுத்தாமல், "இல்லை" என்றேன்.

எண்ணெய் தேய்த்து, ஒத்தடம் கொடுத்து, இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து மருந்தை ஏற்றினார்கள். பத்து நிமிடத்தில் வயிறு முறுக்கி வெளியேறிவிட்டது. இன்னும் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போங்கள் என்றார்கள். அதுதான் ஆயிற்றே என்று சிடுசிடுத்துவிட்டு டாக்ஸி பிடித்தேன். ஆகவில்லை. பால் காபியால் மருந்து முழுவதும் வெளியேறாமல் போயிருக்கும் என்று டாக்டர் பிற்பாடு சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

எங்கள் தெரு திரும்பும்போது மறுபடி முறுக்கியது. கூடவே தலைசுற்றல். ஐம்பத்தெட்டு வயதில் நடுவாசலில் மானம் போய்விடுமோ என்று வெலவெலத்துப் போனேன். என் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மனைவி சென்னையில், மகள் வீட்டில். வேறு வழியில்லாமல் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்கே தனியாக இருப்பவர் கணவனை இழந்த ஒரு வங்காளி அம்மாள். எல்லாரையும் போல நானும் பௌதி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் மீன் வாசனைக்குப் பயந்து பதினோரு வருஷமாக அவர் வாசற்படியை மிதித்ததில்லை. துர்கா பூஜைக்கு அழைத்தபோதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கிறேன்.

என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. "உள்ளே வாங்க தாதா, பாத்ரூம் அந்தப் பக்கம்" என்று வங்காளத்தில் அவசரப்படுத்தினார். தாதா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன். கூடத்தைத் தாண்டுவதற்குள் பைஜாமா நனைந்துவிட்டது. தரையும்.

கழுவிக்கொண்டு, கதவிடுக்கில் அவர் நீட்டிய பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கூடத்தில் அவர் வாளியும் துணியுமாக உட்கார்ந்திருந்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "விடுங்க பௌதி, நான் துடைக்கிறேன்" என்று துணிக்குக் கை நீட்டினேன்.

அவர் தரவில்லை. "இடுப்பை வச்சுக்கிட்டு எங்கே குனியப் போறீங்க? போய்க் கட்டில்ல படுங்க. சாதம் குழைய வேகுது, சாப்பிட்டுட்டு மேலே போகலாம்."

படுத்தேன். கண்ணில் நீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. கூடத்தில் துணியைப் பிழியும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என் அம்மாவுக்குப் பிறகு என் அழுக்கைத் துடைத்தவர் அவர் ஒருவர்தான்.