சூராட்டு இல்லாத ஆள்

நான் மலாக்காவுக்கு வந்தது இறந்துபோன என் அக்காவின் பாஸ்போர்ட்டில். அக்காளை ஊரில் கட்டிக்கொண்டு மலாயாவுக்குத் திரும்பியவர், மனைவியை அழைத்துக்கொள்ள அனுமதி வாங்கி அனுப்பியிருந்தார். கப்பலேற இரண்டு வாரம் இருக்கும்போது அவள் காய்ச்சலில் போய்விட்டாள். "ரெண்டு பேருக்கும் ஒரே முகச்சாடைதானே" என்று அப்பா என்னை ஏற்றிவிட்டார். அக்காளின் கணவரே எனக்கும் கணவரானார். என் இரண்டு பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்திலும் தாயின் பெயர் அவளுடையதுதான்.

காஜா பெராங்கில், மலாய் பேசும் ஒரு மலாக்காச் செட்டி அம்மாவின் வீட்டில் குடியிருந்தோம். பின்னறையில் ஒரு கட்டட வேலைக்காரர் தங்கியிருந்தார். கப்பல் சிப்பந்தியாக வந்து பினாங்கில் இறங்கியவர், திரும்ப ஏறவில்லை. கையில் ஒரு சூராட்டும், ஒரு பத்திரமும் கிடையாது. கிளேபாங்கில் சிமெண்டு கலந்தார். சின்னவளுக்கு மூச்சு முட்டியபோது ஆஸ்பத்திரி வரைக்கும் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர் அவர்தான்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றார்கள். அவர்களுக்குச் சிவப்பு அடையாள அட்டை; அந்தச் சிவப்பு ஐ.சி.காரர்கள் பலருக்கு வேலை போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவரின் கூட்டாளிகள் வீட்டுக்கு வந்தால் அதே பேச்சுதான்.

"இருபது வருஷம் இங்க உழைச்சவன் சும்மா உக்காந்திருக்கான். கள்ளத்தனமா வந்தவன் பாதிச் சம்பளத்துக்கு நிக்கிறான்" என்றார் வேலை இழந்த ஒருவர்.

"ஆசைப்பட்டா நிக்கிறான்? கூடக் கேட்டா மாத்தாகிட்ட புடிச்சுக் குடுத்துருவேங்கிறான் தவுக்கே" என்றார் இன்னொருவர். மாத்தா என்றால் போலீஸ், தவுக்கே என்றால் சீன முதலாளி.

"அதெல்லாம் கிடையாது லா. எல்லாரையும் புடிச்சு அனுப்பணும்!" எல்லோரையும்விட உரக்கச் சொன்னவர் என் கணவர். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பின்னறை.

அவர்கள் போனதும், "நானும் அப்படி வந்தவதானேங்க?" என்றேன்.

"அதனாலதான் சத்தமாப் பேசுறேன்" என்றார்.

அடுத்த வாரம் பக்கத்துத் தெருவில் வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். "அவரைப் போகச் சொல்லு. அவரைத் தேடி வந்தா உன் சூராட்டையும் கிளறுவாங்க. பிள்ளைங்கள நினைச்சுப் பாரு" என்றார் கணவர். தானே நேரில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நான் சொன்னேன்.

"அண்ணே, வேற இடம் பாத்துக்குங்க."

குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "இன்னிக்கேவா தங்கச்சி?"

"இன்னிக்கே."

ஏன் என்று அவர் கேட்கவே இல்லை. இரண்டு சட்டையைச் சுருட்டிக்கொண்டு நடந்தார். மூன்றாம் நாள் பஸ் நிலையத்தில் பிடித்துவிட்டார்கள். எங்கே தங்கியிருந்தாய் என்று கேட்டதற்கு, கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே படுத்துக்கொள்வேன் என்றாராம். அதைக் கேட்ட பிறகும் எனக்குப் பயம் போகவில்லை. வாசலில் சைக்கிள் நின்றாலே பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொள்வேன். யாரும் வரவில்லை. அவரைக் கப்பலேற்றிவிட்டதாகச் சொன்னார்கள்.

வீட்டுக்கார அம்மா, "அந்த அபாங் எங்கே?" என்று மலாயில் அந்த அண்ணனைப் பற்றிக் கேட்டார். "பாலேக் கம்போங்" என்றேன். ஊருக்குத் திரும்பிவிட்டாராம்!

கிளேபாங்கில் அவர் பார்த்த வேலைக்கு இன்னொரு சூராட்டு இல்லாத ஆள் வந்தான், அதே பாதிச் சம்பளத்துக்கு. வேலை இழந்த கூட்டாளி இன்னும் வேலை கிடைக்காமலே ஞாயிறுதோறும் வந்துகொண்டுதான் இருந்தார்.

எங்கள் விலாசம் பின்னறையில் இருந்த அந்த அண்ணனுக்குத் தெரியும். ஒரு கடிதமும் வரவில்லை. எழுதினால் எங்களுக்கு ஆபத்து என்று எழுதாமல் இருந்தாரோ, மனம் விட்டுப்போய் இருந்தாரோ, எனக்குத் தெரியாது.