தண்ணீர் மெத்தை கிடந்த கட்டில்

அந்தக் கட்டிலைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் ஒன்றைச் சொல்லித் தொலைக்க வேண்டும். அந்த மெத்தையை நான் வாங்கவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் நாலு வருசம் வளைகுடாவில் ஒரு அரபி வீட்டில் கார் ஓட்டினேன். அந்த வீட்டு மூத்த மகன் புதுக் கட்டில் எடுத்தபோது பழையதைக் கொண்டுபோய்க் குப்பையில் போடச் சொன்னான். போடப் போனவன் நான். பலகைகளைப் போட்டுவிட்டு, தடித்த பிளாஸ்டிக் பையை மட்டும் மடித்து என் அறைக்குக் கொண்டுவந்தேன். அதற்குள் தண்ணீரை நிரப்பினால் மெத்தை. கல்முனைக்கு வந்திறங்கியதும் கேட்டவர்களிடம் மட்டுமல்ல, கேட்காதவர்களிடமும், "கடையில புதுசா எடுத்த" என்று சொல்லித் திரிந்தேன்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். வீடும் பெண்ணுக்கு, கட்டிலும் மெத்தையும் பெண் வீட்டார் கொடுப்பது. என் மாமா, அதாவது மனைவியின் வாப்பா, சவளக்கடை என்ற ஊரில் வயல் செய்தவர். ஒரே மகளுக்குக் கல்வீட்டைக் கொடுத்துவிட்டு, மாமியோடு அதே வளவின் பின்பக்கம் சின்ன ஓட்டு வீடொன்றில் ஒதுங்கிக்கொண்டார். கலியாணத்துக்கு அவர் தைப்பித்துத் தந்த இலவம்பஞ்சு மெத்தையில் ஒரு குறையும் இல்லை. அதைத்தான் நான் சுருட்டிப் பின்வீட்டுக்கு அனுப்பினேன். மகளுக்கென்று கொடுத்தது தன் வாசலுக்கே திரும்பி வருவதை மாமா நின்று பார்த்தார்.

"வெச்சிக்கங்க மாமா, எங்களுக்கு வெளிநாட்டுச் சாமான் வந்திட்டு" என்றேன்.

"நல்லம் மருமகன்" என்றார். மருமகனை ஒரு சொல் சொல்லாத மனிதர் அவர். நான் வந்தால் கதிரையிலிருந்து எழும்பி நிற்பார்.

பாண்டிருப்பிலிருந்து மரவேலைக்கு வந்த ஓடாவியார் நான் சொன்ன அளவைக் கேட்டுச் சிரித்தார். ஆறடி அகலம், ஏழடி நீளம், சுற்றிவர ஒரு சாண் உயரத்தில் பலகை விளிம்பு. "தம்பி, இது கட்டிலோ, நெல்லுப் பெட்டியோ?" என்றார். "செய்து தாங்க, பொறகு பாருங்க" என்று அவரை அடக்கினேன். நல்ல முதிரைப் பலகையில் செய்தார். பிறகு கிணற்றில் அள்ளி அள்ளி, பீப்பாயில் ஊற்றி, குழாய் வைத்து ஒரு பகல் முழுக்க நிரப்பினோம். நிரம்பியபின் நாலு பேர் சேர்ந்தாலும் அதை ஒரு விரற்கடை அசைக்க முடியாது. ஊர்ச்சனம் பார்க்க வந்தது. "கையால அமத்திப் பாருங்க, வெட்கப்படாதீங்க" என்று சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. என் மனைவிக்கு முதல் நாளே தலை சுற்றியது. "பழகிடும்" என்றேன்.

இரண்டாவது மாரியில் மாமாவுக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. வாய் கொஞ்சம் கோணியது. பேச்சும் புத்தியும் தெளிவாக இருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்தபோது, "படுத்தே கிடந்தா முதுகுல புண் வரும், தண்ணி மெத்தை நல்லம்" என்று ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து ஓய்வுபெற்ற அப்போதிக்கரி ஒருவர் சொன்னார். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. பின்வீட்டுக்குப் போகவிருந்தவரை நேரே எங்கள் அறைக்குக் கொண்டுபோய் அந்தக் கட்டிலில் கிடத்தினேன். மாமாவின் நன்மைக்காகத்தான் என்று நான் நம்பினேன். பாதி உண்மையும் அதில் உண்டு. மற்றப் பாதியைச் சொல்லத்தான் எனக்கு வாய் கூசுகிறது.

நோயாளியைப் பார்த்துவரப் போவது எங்கள் ஆட்களிடம் ஒரு கடமை. சாய்ந்தமருதிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் சொந்தக்காரர் வந்தார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் நான் கட்டிலின் ஒரு மூலையைக் கையால் அமர்த்திக் காட்டுவேன். தண்ணீர் அலைந்து மற்ற மூலைக்குப் போகும். மேலே கிடந்த மாமாவின் உடம்பு ஏறி இறங்கும். வந்தவர்கள், "மாஷா அல்லாஹ், குடுத்து வெச்ச மனிசன்" என்பார்கள். மாமா வலக் கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அது சிரிப்பில்லை என்று எந்த மடையனுக்கும் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை.

ஒரு தடவை மட்டும், "கொஞ்சம் குளிருது மருமகன்" என்றார். அந்தப் பையைச் சூடாக்க ஒரு கருவி வேண்டும். அது என்னிடம் இல்லை. மாரியில் தண்ணீர் முழுவதும் குளிர்ந்து கீழேயிருந்து அவர் முதுகைப் பிடித்தது. நான் மேலே இன்னொரு போர்வையைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். சந்தைக்குப் பக்கத்தில் அப்போது எனக்கொரு புடவைக்கடை இருந்தது.

ஒரு நாள் நடுப்பகல், லுஹர் தொழுகை நேரம், கடையின் இன்னொரு சாவியை எடுக்க வீட்டுக்கு வந்தேன். வழமையாகப் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகுதான் வருவேன். அறைக்குள் போனால் கட்டில் வெறுமையாக இருந்தது. மாமா நிலத்தில், பாயில், சுவரோடு சாய்த்த தலையணையில் முதுகைக் கொடுத்து, கிப்லாத் திசையைப் பார்த்து உட்கார்ந்து தொழுதுகொண்டிருந்தார். ஒரு பக்கம் மாமி, மறுபக்கம் என் மனைவி, அவர் சரியாமல் அணைத்துப் பிடித்திருந்தார்கள். என்னைக் கண்டதும் மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. களவெடுத்துப் பிடிபட்டவள்போல் எழும்பி வந்தாள்.

"இஞ்சாருங்க, ஏசாதீங்க. வாப்பாக்குத் தொழத்தான் எறக்கின. தண்ணிக்கு மேல ஒடம்பு ஆடிக்கிட்டே இரிக்கி, மனசு நிக்கிதில்லயாம்."

"எத்தின நாளா நடக்குது இது?"

"வந்த நாளிலேருந்து. நீங்க கடைக்குப் போனா எறக்குவம். வாறத்துக்கு முந்தி ஏத்திருவம்."

இரண்டு பெண்கள், பாதி உடம்பு செத்த ஒரு ஆளை, அந்தப் பலகை விளிம்புக்கு மேலால் தூக்கி இறக்கி, தூக்கி ஏற்றி. தினமும். மாமி முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு மெல்லச் சொன்னார்: "ஒங்களுக்கு மனவருத்தம் வந்திரும் எண்டு, சொல்ல வேணாம் எண்டவரு மாமாதான்."

அந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன செய்திருக்க வேண்டும்? அவர் காலடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் கத்தினேன். "அப்ப நான் என்ன கொடுமைக்காரனா? ஊரான் கேட்டா என்னத்த நினைப்பான்?" என்று கத்தினேன். அன்று அசருக்குப் பிறகு பள்ளிவாசல் நிருவாகத்தார் மாமாவைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் வரும்போது அவர் பாயில் கிடக்கக் கூடாது என்பதுதான் என் மண்டைக்குள் ஓடியது. அவர் தொழுது முடிக்கும்வரை மட்டும் பொறுத்தேன். பிறகு நானே தூக்கிக் கட்டிலில் போட்டேன். "மருமகன் சொல்றதும் சரிதான்" என்றார் மாமா. அதற்குப் பிறகு அவரை யாரும் இறக்கவில்லை. எனக்குப் பயந்து நிறுத்திவிட்டார்கள்.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். ஒரு காலையில் மாமாவின் சாரனும் விரிப்பும் நனைந்திருந்தன. மாமா தன்னை அறியாமல் சிறுநீர் போய்விட்டதென்று நினைத்தார். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். "பரவால்ல வாப்பா, நோயில எல்லாருக்கும் வாறதுதானே" என்று மகள் சொன்னதும் அந்த மனிதர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். வயல் வரப்பில் நிமிர்ந்து சட்டமாக நடந்தவர்.

நான் விரிப்பை எடுக்கக் குனிந்தேன். சிறுநீர் வாடை இல்லை. பழைய பிளாஸ்டிக் வாடை. கால்மாட்டில் எந்த இடமென்றுகூட எனக்குத் தெரியும். அரபியின் மகன் எறியச் சொன்ன நாளே அந்தப் பையில் ஒரு கிழிசல் இருந்தது. சைக்கிள் டியூபுக்கு ஒட்டுவதுபோல் நானே அதை ஒட்டியிருந்தேன். ஒட்டு விட்டுவிட்டது. ஒரு சொல் போதும்: "மாமா, இது நீங்க இல்ல." ஆனால் அதைச் சொன்னால் ஒட்டைச் சொல்ல வேண்டும். ஒட்டைச் சொன்னால் புதுசில்லை என்பதைச் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று நாள் மூடிக்கொண்டேன். உடுப்பும் படுக்கையும் சுத்தமில்லை என்று மாமா அந்த மூன்று நாளும் தொழவில்லை. நோயாளி அப்படியே தொழலாம் என்று மாமி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "இந்தக் கோலத்துல அல்லாஹ்க்கு முன்னால எப்பிடி நிக்கிற?" என்றார் மாமா. ஒரு வக்துத் தொழுகையும் விடாத மனிதர். வீட்டுக்கு வந்தவர்களையும் அறைக்குள் விட வேண்டாம் என்று கெஞ்சினார். அதெல்லாம் என் காதில் விழுந்தது. சோறும் தின்றேன்.

நாலாம் நாள் தண்ணீர் அறையைத் தாண்டி மண்டபத்துக்குள் ஓடியது. இனி யாரிடம் மறைப்பது? மாமாவைப் பாயில் இறக்கிவிட்டு, குழாய் வைத்துத் தண்ணீரை வளவுக்குள் விட்டோம். மற்றவர்கள் பார்க்குமுன் நான் கால்மாட்டுக்குப் போய், தொங்கிய ஒட்டை நகத்தால் உரித்தெடுத்து மடிக்குள் செருகினேன்.

"எப்பிடி மருமகன் ஓட்டையாகின?" என்று மாமி கேட்டார்.

"என்னமோ கூராப் பட்டிரிக்கி" என்றேன். பாயில் கிடந்த மாமா கேட்டுக்கொண்டிருந்தார்.

பின்வீட்டிலிருந்து பழைய இலவம்பஞ்சு மெத்தையைக் கொண்டுவந்து அந்தக் கட்டிலுக்குள் போட்டோம். பக்கத்தில் ஒன்றரை அடி காலியாகக் கிடந்தது. மெத்தையும் விளிம்புக்குக் கீழே ஆழத்தில் போய்விட்டது. மாமாவைக் கிடத்தினால் வாசலிலிருந்து பார்க்க மூக்கு மட்டும்தான் தெரிந்தது. இறந்தவரைத் தூக்கிப் போகும் சந்தூக்குப் பெட்டிதான் எல்லார் நினைப்பிலும் வந்தது. மாமி தலையைத் திருப்பிக்கொண்டார். மாமாதான் சிரித்தார்: "இப்பவே படுத்துப் பழகினா நல்லந்தானே!"

ஓடாவியாரை மறுபடி கூப்பிட்டேன். விளிம்பை அறுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன், விலை கூடிய முதிரைப் பலகை. உள்ளே குறுக்குச் சட்டங்களை வைத்து, அதன்மேல் பலகை பரப்பித் தளத்தை உயர்த்தினார். மெத்தை தைக்கிறவர் வளவுக்குள் உட்கார்ந்து பழைய பஞ்சைப் பிரித்து, தட்டி உதிர்த்து, புதுப்பஞ்சும் சேர்த்து, ஆறடி அகலத்துக்கு ஒரே மெத்தையாகத் தைத்தார். இரண்டு நாளில் எல்லாம் முடிந்தது. இரண்டே நாள் வேலைக்கு அந்த மனிதரை எத்தனை கிழமை தண்ணீரில் போட்டு வைத்திருந்தேன். மாமாவைத் தூக்கி வைத்ததும் வலக் கையால் மெத்தையைத் தட்டிப் பார்த்தார். "கெட்டியா இரிக்கி" என்றார். அன்றே உட்கார்ந்தபடி, விட்டுப்போன மூன்று நாள் தொழுகையையும் ஒவ்வொன்றாகத் தொழுது முடித்தார்.

ஊரில் கதை வேறுமாதிரிப் பரவியது. மாமனாருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றதும் வெளிநாட்டு மெத்தையையே கழற்றி எறிந்த மருமகன் என்று ஜும்ஆத் தொழுகைக்குப் போன இடத்தில் ஒருவர் கையைப் பிடித்துப் பாராட்டினார். நான் தலையைக் குனிந்தேன். பணிவு என்று அதற்கும் பாராட்டினார்கள்.

நாள் நெருங்கிவிட்டதென்று தெரிந்தால், நோயாளி எல்லாரையும் கூப்பிட்டுத் தன் பிழைகளைப் பொறுக்கச் சொல்லிக் கேட்பது எங்கள் வழக்கம். பொருத்தம் கேட்பது என்போம். மாமா மாமியிடம் கேட்டார், மகளிடம் கேட்டார், வயலில் கூட வேலை செய்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார். ஒரு காலை, கடைக்குப் போகச் சட்டை போட்டுக்கொண்டு நின்ற என்னைக் கூப்பிட்டார்.

"மருமகன், ஒங்கட அருமையான சாமான நான் பழுதாக்கிப் போட்டன். என்ட கால் நகம் பட்டுத்தான் கிழிஞ்சிரிக்கி. கடலத் தாண்டி ஆசையாக் கொண்டந்த நீங்க. என்னப் பொருந்திக்கங்க."

மனைவி கதவடியில் நின்றாள். அறைக்குள் நாங்கள் மூன்று பேர்தான். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது.

"பரவால்ல மாமா. நான் பொருந்திட்டன்" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. என் கையைப் பிடித்து, என் பிள்ளைகளுக்கும் என் கடைக்கும் நெடுநேரம் துஆச் செய்தார். ஆமீன் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். அந்தக் கிழமையே மௌத்தானார்.

நாற்பது வருசமாகிறது. வெள்ளிக்கிழமை காலைகளில் பேரப்பிள்ளைகளுக்கு நகம் வெட்டும்போது என் மனைவி இன்றைக்கும் சொல்வாள்: "மெத்த கிழியிறத்துக்கு முந்தி வாப்பாட கால் நகத்த நான் வெட்டி உட்டிருந்தா, அவரு அந்தக் கவலையோட போயிரிக்க மாட்டாரு. என்ட பிழதான்." நான் பக்கத்தில் இருந்து, "உன்ட பிழையில்ல புள்ள" என்று மட்டும் சொல்வேன். யாருடைய பிழை என்று அவள் கேட்டதில்லை. நானும் இதுவரை சொல்லவில்லை.