தேக்காவில் நாற்பது வாண்டுகளுடன் மூன்று மாதம்

திருச்சியில் ஒரே பெண்கள் பள்ளியில் பதினாறு வருடம் வரலாறு நடத்தினேன். நாற்பது வயதுக்கு மேல் கடலையும் தாண்டிப் பார்ப்போமே என்றுதான் சிங்கப்பூருக்கு விண்ணப்பித்தேன். 1961 ஜனவரியில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். பினாங்கு வழியாக ஒரு வாரப் பயணம். ஊறுகாய் கொண்டுபோங்கள், கப்பல் சாம்பாரைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவுமில்லை.

சிங்கப்பூர்த் துறைமுகத்திலிருந்து தமிழர் வட்டாரமான தேக்காவுக்கு மூன்று மைல். திரிஷா என்ற மூன்று சக்கர மிதிவண்டிக்கு ஒரு வெள்ளி கொடுத்தேன். (இங்கே டாலரை வெள்ளி என்கிறார்கள்.) சிராங்கூன் சாலையில் ஒரு துணிக்கடை மாடியில் அறை, மாதம் இருபத்தைந்து வெள்ளி. கீழே இறங்கினால் மல்லிகை, வெற்றிலை, கருவாடு. இதென்ன வெளிநாடு என்று தோன்றியது. பள்ளிக்குப் போகும்வரை.

எனக்குக் கிடைத்தது இரண்டாம் வகுப்பு. நாற்பது வாண்டுகள். தலைமையாசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "மூணு மாசம் பார்ப்போம் டீச்சர். கிளாஸ் கன்ட்ரோல்ல இருந்தா வேலை பெர்மிட்டுக்கு எழுதிடுறேன். இல்லன்னா கஷ்டம் லா." (பேச்சின் முடிவில் ஒரு 'லா' சேர்ப்பது இவ்வூர் வழக்கம்.) கஷ்டம் என்றால் திரும்பவும் அந்தக் கப்பல் சாம்பார்.

திருச்சியில் நான் புருவத்தை உயர்த்தினாலே வகுப்பு அடங்கிவிடும். இங்கேயும் உயர்த்தினேன். முன்வரிசைப் பையன் ஒருவன் தன் புருவத்தை உயர்த்திக் காட்டினான். உடனே நாற்பது பேரும் உயர்த்தினார்கள். ஒன்பது மணியானால் ஒருவன் மேசைக்கடியில் தவழ்வான், இருவர் ஓர் அழிரப்பருக்காகக் கட்டிப் புரள்வார்கள். பழைய தண்டனையைக் கையிலெடுத்தேன்: சத்தம் போட்டால் இடைவேளை (இங்கே பத்து மணிக்கு) கிடையாது. ஊரில் அது கைகண்ட மருந்து. இங்கே ஆட்டம் நாளுக்கு நாள் கூடியது.

மூன்றாம் வாரம் ஒருநாள் பத்து மணி அடித்தும் வகுப்பு முழுவதையும் வெளியே விடாமல் உட்காரவைத்தேன். நூர்ஜஹான் என்ற சிறுமி எழுந்தாள்.

"டீச்சர், நீங்க பசியாறிட்டீங்களா?"

காலையில் சாப்பிடுவதை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். "ஆச்சு. இட்லி" என்றேன்.

"அதான் உங்களால சும்மா உட்கார முடியுது. நாங்க இன்னும் பசியாறல."

விசாரித்தபோதுதான் புரிந்தது. பள்ளி ஏழரைக்கே தொடங்குகிறது. கிராஞ்சி போன்ற தொலைவான இடங்களிலிருந்து இருட்டோடு அப்பாவின் லாரியில் வருகிற பிள்ளைகள் உண்டு. பத்து மணிக்கு மணியடித்தால்தான் அவர்களுக்குக் காலை உணவு. எங்கள் ஊரில் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்கு வருவார்கள். இடைவேளை வெறும் விளையாட்டுக்கு. நான் மருந்தென்று நினைத்துக் கொடுத்தது பட்டினியை.

அப்போதே அவர்களோடு பள்ளிச் சிற்றுண்டிக் கடைக்குப் போனேன். பத்துக் காசுக்கு ஒரு தட்டு வறுத்த மீ, தடித்த சேமியா மாதிரி. காரம் கண்ணில் நீர் வரவழைக்கும். "டீச்சர் அழுறாங்க!" என்று ஒரே கும்மாளம். மறுநாளிலிருந்து பத்து மணிக்கு முன் பாட்டும் கதையும், பிறகு கணக்கு.

மூன்றாம் மாதக் கடைசியில் என் வகுப்பைப் பார்க்கப் பள்ளி நிர்வாகக் குழுப் பெரியவர் ஒருவரைத் தலைமையாசிரியர் அழைத்து வந்தார். பெரியவர் தொண்டையைச் செருமி, "அன்பு மாணவச் செல்வங்களே" என்று தொடங்கவும் பத்து மணி அடிக்கவும் சரியாக இருந்தது. நாற்பது முகங்களும் என் பக்கம் திரும்பின. தலைமையாசிரியர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். பெர்மிட் நினைவு எனக்கும் வராமலில்லை.

"ஐயா மன்னிக்கணும், பிள்ளைங்க சாப்பிட்டு வந்துடட்டும்" என்றேன்.

அரை நிமிடத்தில் வகுப்பு காலி. பெரியவர் என் நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடத்தில் எல்லாரும் திரும்பினார்கள். அவருடைய நீண்ட பேச்சில் ஒரு பிள்ளைகூட நெளியவில்லை. இறங்கிப் போகும்போது அவர் தலைமையாசிரியரிடம், "நான் பேசி முடிக்கிற வரைக்கும் இந்த ஊர்ல யாரும் உட்கார்ந்ததில்ல லா. இவங்களுக்கு எழுதிடுங்க" என்றார்.

இங்கே ஆசிரியையாக வர நினைப்பவர்களுக்கு: பருத்திச் சேலை போதும், குடை அவசியம், பேருந்துக்குச் சில்லறை வேண்டும். பதினாறு வருட அனுபவத்தைக் கொண்டுவாருங்கள். ஆனால் முதல் மாதம் பெட்டியைத் திறக்க வேண்டாம்.